மதுவிலக்கு அமலாக்கம்: அமெரிக்கா எங்கே கோட்டைவிட்டது, பின்லாந்து எங்கே?

நாடு முழுக்க மதுவிலக்கு என்றாலே பேச்சு சிகாகோவுக்கும் அந்த ஊர்க் கள்ளச்சாராய தாதா அல் கபோனுக்கும் போய்விடும். அதே காலத்தில் பின்லாந்தும் மதுவைத் தடை செய்திருந்ததை யாரும் கண்டுகொள்வதில்லை. அமெரிக்காவில் தடை 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை. பின்லாந்தில் 1919 ஜூன் 1 முதல் 1932 ஏப்ரல் 5 வரை. இரண்டும் தோற்றன, ஆனால் ஒரே மாதிரி தோற்கவில்லை. அமெரிக்கச் சட்டம் உள்ளேயே ஒழுகியது. பின்லாந்துக்கு ஒழுகல் கடல் வழியாக வந்தது. ஆள் போதவில்லை என்பது இரண்டாம்பட்சக் காரணம்தான்.

சட்டத்திலேயே இருந்த ஓட்டை

அமெரிக்காவின் வோல்ஸ்டெட் சட்டப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மது. கேட்கக் கடுமைதான். ஆனால் தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது மட்டுமே குற்றம். வாங்கிக் குடிப்பவர்மேல் வழக்கு கிடையாது. மருத்துவர் சீட்டு எழுதினால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான விஸ்கி, மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வழிபாட்டுக்கான ஒயினுக்குத் தனி அனுமதி. வீட்டில் பழச்சாறு தயாரிக்க ஆண்டுக்கு 200 கேலன், கிட்டத்தட்ட 750 லிட்டர், வரை விட்டுவைத்தார்கள். அது பீப்பாயில் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்கள் அழியும் என்று பயந்தார்கள். பரப்பு கூடியதுதான் மிச்சம்.

பின்லாந்துச் சட்டத்தில் வரம்பு மட்டும் 2 சதவீதம் என்று சற்றுத் தளர்வு. மற்றபடி இதைவிட இறுக்கம். மருத்துவம், தொழில், அறிவியல் தேவைக்கான சாராயம் அரசின் ஏகபோகம். மருத்துவர் சீட்டு என்ற ஓட்டை அங்கும் இருந்தது. தொழிற்சாலை வழியாகப் பெரிய கசிவு வரவில்லை.

அமெரிக்காவின் பெரிய கசிவே தொழிற்சாலைதான். பெயின்ட், வாசனைத் திரவியம் என்று பெர்மிட் வாங்கிக்கொண்டு எரிசாராயத்தை வெளியே தள்ளினார்கள். குடிக்காமல் இருக்க அதில் மெத்தனால் கலப்பது பழைய விதி. 1927-இல் அதன் அளவை இரு மடங்காக்கி 4 சதவீதமாக உயர்த்தினார்கள். கள்ளச்சாராயக்காரன் அதை மறுபடி காய்ச்சிப் பிரிக்கப் பார்ப்பான். மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கும். உயரமான வடிகோபுரம் இல்லாமல் சாதாரணப் பானையில் இவை சுத்தமாகப் பிரியாது. மிஞ்சியது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. தடையை மீறுபவனுக்கு அரசே விஷம் வைத்ததாக அன்றே கூச்சல் எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

கடல்

பின்லாந்தின் சிக்கல் அதன் கடற்கரை. ஆயிரக்கணக்கான சிறு தீவுகள். எதிர்க்கரையில் எஸ்தோனியா, சற்றுத் தள்ளி ஜெர்மனி. வந்தது பெரும்பாலும் 96 சதவீத எரிசாராயம், 10 லிட்டர் தகரக் கேன்களில். ஒரு கேனில் தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதச் சரக்கு 24 லிட்டர். அதே ஆல்கஹாலை 4.5 சதவீத பீராகக் கொண்டுவந்தால் 210 லிட்டருக்கு மேல் சுமக்க வேண்டும். தடை வந்தால் நாடு பீரை விட்டு எரிசாராயத்துக்கு மாறுவதன் கணக்கு இவ்வளவுதான்.

கடத்தல்காரர்கள் கேன்களை வரிசையாகக் கட்டி, டார்பிடோ வடிவத்தில் படகுக்குப் பின்னால் நீருக்கடியில் இழுத்து வந்தார்கள். சுங்கப்படகு தென்பட்டால் கயிற்றை வெட்டிவிட வேண்டியதுதான். சரக்கு மூழ்கும், அதோடு ஒரு மிதவையும் உப்பு மூட்டையின் கனத்தில் கீழே போகும். சுங்கக்காரர்கள் வெறும் படகைச் சோதித்துவிட்டுத் திரும்புவார்கள். உப்பு கரைந்ததும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும்.

1925-இல் ஹெல்சிங்கியில் பால்டிக் கடலோர நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டு, சோதனை எல்லையை 12 கடல் மைலாக்கின. 100 டன்னுக்குக் குறைந்த கப்பல் மது ஏற்றிப் போகவும் அனுமதியில்லை. காகிதத்தில் அருமை. ஆனால் பின்லாந்தின் தனிக் கடலோரக் காவல்படை 1930-இல்தான் பிறந்தது. அதற்குள் மக்களுக்கு மதுவிலக்கே சலித்துவிட்டது.

அமெரிக்காவும் 1924-இல் பிரிட்டனோடு பேசி, எல்லையைக் கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்துக்குத் தள்ளியது. கடற்படையின் பழைய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களைக் காவலுக்கு இறக்கியது. டெட்ராய்ட் ஆற்றில் அது எடுபடவில்லை. எதிர்க்கரையே கனடா, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் காரிலேயே சரக்கு வரும்.

யார் பிடிப்பது?

1920-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசிடம் இருந்த மதுவிலக்கு முகவர்கள் சுமார் 1,500 பேர். மாநிலப் போலீஸ் கைகொடுக்கும் என்பது நம்பிக்கை. மேரிலாந்து கடைசிவரை அமலாக்கச் சட்டமே போடவில்லை. நியூயார்க் 1923-இல் தன் சட்டத்தை ரத்து செய்தது. 1927 வரை முகவர் வேலைக்குத் தேர்வு கிடையாது, சிபாரிசுதான். மாமூல் பெருகியதில் வியப்பில்லை.

பலன் தந்தவை குறைவு. கனடா 1930-இல் அமெரிக்காவுக்கு மது ஏற்றுமதி அனுமதியை நிறுத்தியது எந்தக் காவல்படகையும்விட அதிகம் சாதித்தது. உடனே வியாபாரம் பிரெஞ்சுத் தீவான செயின்ட் பியருக்குத் தாவியது வேறு கதை. கள்ள வருமானத்துக்கும் வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1927-இல் சொன்னதால்தான் 1931-இல் வரி ஏய்ப்புக்காகக் கபோனுக்கு 11 ஆண்டு சிறை கிடைத்தது.

தோல்வியின் அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. ஈரல் நோய் இறப்பு போன்றவற்றை வைத்துப் பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் போட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் குடி ஆரம்பத்தில் பழைய அளவில் 30 சதவீதமாக விழுந்து, பிறகு 60, 70 சதவீதத்துக்கு ஏறியது. பின்லாந்தில் 1931 டிசம்பர் வாக்கெடுப்பில் சுமார் 70 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள்.

மதுவிலக்கைப் பகுதி பகுதியாகத் தளர்த்திய நாடு ஐஸ்லாந்து. அங்கே ஒயின் 1922-இலும் மற்ற மதுவகைகள் 1935-இலும் திரும்பின. பீர் தடை மட்டும் 1989 மார்ச் 1 வரை தாக்குப்பிடித்தது. அந்தத் தடை இருந்தபோதே மதுக்கடைகளில் போதையில்லாத பீரில் வோட்கா கலந்து ஊற்றியதும் உண்டு.