ரோபோட்டோ ஸ்லாப் லைட்: பெரிதாக வைத்தால் அழகு, சிறிதாக வைத்தால் சிக்கல்

ஸ்லாப் செரிஃப் (கோடுகளின் முனையில் செரிஃப் எனும் பாதம் பட்டையாக அமைந்த ஆங்கில எழுத்துவகை) என்றாலே சுவரொட்டியில் கறுப்பாக அப்பிக்கிடக்கும் தடித்த எழுத்துதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த வகை பிறந்ததே அதற்காகத்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், விளம்பரத் தாள் எட்ட நின்றே கண்ணில் படவேண்டும் என்று வார்த்த எழுத்துகள் அவை. அதில் மெலிந்த வடிவம் எதற்கு என்ற சந்தேகத்தோடுதான் ரோபோட்டோ ஸ்லாப் லைட் என்ற எழுத்துருவைக் கையில் எடுத்தேன். சில ஆண்டுகளாக அறிக்கை, அழைப்பிதழ், இணையப் பக்கம் என்று பலவற்றிலும் அதோடு புழங்கியாயிற்று. தலைப்புக்கு இதைவிட நிம்மதியான எழுத்துரு எனக்கு வாய்க்கவில்லை. அடிக்குறிப்புக்கு மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிறிஸ்டியன் ராபர்ட்சன் வடிவமைத்து 2013-இல் கூகுள் வழியாக வெளிவந்தது இது. கட்டணம் கிடையாது, வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இதன் அழகு கோட்டில் இருக்கிறது. சாதாரண செரிஃப் எழுத்தில் ஒரு கோடு தடித்தும் ஒரு கோடு மெலிந்தும் வரும். மெலிந்தது பெரிதாக்கினாலும் மெலிந்தே நிற்கும். இங்கே தண்டும் (எழுத்தின் நிமிர்ந்த கோடு) பாதமும் ஏறக்குறைய ஒரே கனம். 40 பாயின்ட்டுக்கு மேல் வைத்துப் பாருங்கள்: ஒரே பேனாவால் நிதானமாக வரைந்ததுபோல் இருக்கும், வரியின் அடியில் பாதங்கள் சேர்ந்து மெல்லிய தரை ஒன்று போட்டுவிடும். இன்னொரு நன்மை, குழப்பமின்மை. இதன் உடன்பிறப்பான, செரிஃப் இல்லாத ரோபோட்டோவில் பெரிய ‘ஐ’யும் (I) சிறிய ‘எல்’லும் (l) வெறும் குச்சிகளாக நின்று ஏமாற்றும். இதில் பாதங்களே காட்டிக்கொடுத்துவிடும். கடவுச்சொல், பொருள் எண் போன்றவற்றை அச்சிடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கல் சிறிய அளவில் தொடங்குகிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 8 பாயின்ட்டில் அச்சுக்குக் கொடுத்தால் மை பரவி முதலில் பாதங்களைத் தின்கிறது, பிறகு தண்டுகளை. திரையில் சாம்பல் நிறம் கொடுத்தால் எழுத்து காணாமலே போய்விடும். வடிவமைப்பாளர்களுக்கு இந்தச் சாம்பல் மோகம் எப்போது தீருமோ! எழுத்திடைவெளியைக் குறைத்தாலும் ஆபத்து; ‘எம்’மின் (m) பாதமும் அடுத்த எழுத்தின் பாதமும் ஒட்டிக்கொள்ளும்.

சாய்வெழுத்து இந்தக் குடும்பத்தில் இல்லை. மென்பொருள் தானாகச் சாய்த்துக் காட்டுவது பார்க்கச் சகிக்காது. நூற்பெயர்கள் நிறைந்த உரை என்றால் மோசில்லாவின் ஸில்லா ஸ்லாப் பக்கம் போய்விடுவேன்; அதில் முறையான சாய்வெழுத்து உண்டு.

தமிழ் எழுத்துகளும் இதில் இல்லை. இருமொழித் தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவின் லைட்டைப் பக்கத்தில் வைக்கிறேன். அதன் கோடும் ஒரே சீராக ஓடுவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. தமிழின் அளவை மட்டும் கொஞ்சம் குறைக்கவேண்டியிருக்கும், இல்லையென்றால் தமிழ் அகன்று ஆங்கிலத்தை ஓரங்கட்டிவிடும்.

இப்போது 100 முதல் 900 வரை எந்தக் கனத்தையும் தேர்ந்தெடுக்கக்கூடிய மாறுகனக் கோப்பாகவும் கிடைக்கிறது. தலைப்புக்கு 300 (அதுதான் லைட்), அதன் கீழே வரும் முன்னுரைக்கு 350 என்று வைக்கிறேன். அந்த ஐம்பது வித்தியாசம் தனியாகக் கண்ணில் படாது, ஆனால் சிறிய எழுத்து பெரியதைவிட வெளிறித் தெரிவது நின்றுவிடுகிறது.