அடைமழை விடுமுறையில் குயவர் வீட்டுக் களிமண்: ஒரு மதிப்புரை

மிதித்துப் பிசைந்து பக்குவப்படுத்திய களிமண் பத்துக் கிலோ 150 ரூபாய். அதைக் கொண்டு நாம் செய்து காயவைத்து எடுத்துவரும் அகல் விளக்கைத் தம் சூளையில் சுட்டுத் தர விளக்கொன்றுக்கு 2 ரூபாய். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் ஒன்றில் வாழும் குயவர் குடும்பம், 2024 கார்த்திகையில் எங்களிடம் வாங்கிய தொகை இவ்வளவுதான். அவர்கள் கடை வைத்திருப்பவர்கள் அல்லர், பெயர்ப் பலகையும் கிடையாது என்பதால், கேட்காமல் அவர்களுடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காட்பாடியை அடுத்த கரிகிரி மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதும், நம் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இன்னமும் சக்கரம் சுற்றுகிறது என்பதும் இங்குள்ள எல்லோரும் அறிந்தவையே. அவர்களிடம் பானை வாங்குகிறோம். மண்ணையே கேட்டு வாங்கலாம் என்பதுதான் எனக்கும் அதுவரை தோன்றாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், அவர்களுடைய ஆயாவான என் மாமியார், நாங்கள் இருவர் என ஐந்து பேர் இருக்கிறோம். ஐப்பசி பிறந்துவிட்டால் பள்ளிக்கு என்றைக்கு விடுமுறை விடுவார்கள் என்பது மாவட்ட ஆட்சியரின் காலை அறிவிப்பைப் பொறுத்த காரியமாகிவிடுகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் கரைகொள்ளாமல் வெள்ளம் போனபோதும் சரி, அதற்குப் பிறகு ஆண்டுக்கொன்றாக வந்த புயல்களின்போதும் சரி, வெளியே போக முடியாத பிள்ளைகளைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் குற்ற உணர்வோடு இருந்திருக்கிறோம். அந்த நாட்களில் வீட்டுக்குள் கையால் செய்வதற்கு ஏதாவது வேண்டும் என்று தேடியபோதுதான் முதலில் நான் தவறான பொருளை வாங்கினேன். அந்தத் தவறு இந்த மதிப்புரைக்குத் தேவையானது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் நான் வாங்கியது, சூளை தேவைப்படாமல் காற்றிலேயே இறுகும் என்று சொல்லி விற்கப்படும் வெள்ளை நிறக் களிமண். கால் கிலோ பொட்டலம் 180 ரூபாய். அட்டையில் விளக்கின் படம் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் உலர்ந்துவிடும் என்ற உறுதிமொழியும் இருந்தது. எங்கள் வீட்டில் அது நான்காம் நாளும் அழுத்தினால் குழிந்தது. என் தம்பி குடும்பத்தோடு அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறான். அங்கே கடும் பனி கொட்டிப் பள்ளியை மூடும் நாட்களில் அவன் மகள் இதே வகை மண்ணில் மாலைக்குள் பொம்மை செய்து, மறுநாள் வண்ணம் தீட்டிப் படம் அனுப்புகிறாள். அதே மண் இங்கே ஏன் காயவில்லை என்று யோசித்தபோது காரணம் எளிதாகவே தெரிந்தது. பனிக்காலத்தில் அவர்கள் கதவையும் சன்னலையும் அடைத்து வீட்டைச் சூடேற்றி வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு உலர்ந்துபோகிறது. நமக்கோ புயல் நாட்களில் உப்பு ஜாடியில் உப்பே கசிகிறது. பனி விடுமுறைக்கென்று பொருந்தும் பொருள் அடைமழை விடுமுறைக்குப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழை. ஆனால் அட்டையில் விளக்கின் படம் போட்டது விற்றவர்களின் பிழை. காற்றில் இறுகும் மண் சுடப்படாதது. அதில் காகிதக் கூழும் பசையும் கலந்திருப்பதுண்டு. எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றத் தக்கது அன்று. பஞ்சுபோல் எடையற்று வரும் வண்ணக் களிமண்ணை நெருப்பின் அருகே கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகள் ஆசையோடு செய்த விளக்கை ஏற்றக் கூடாது என்று சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

குயவர் வீட்டுக்கு நாங்கள் போனது கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில். அந்தப் பெரியவர் ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணைத் தொட்டியில் ஊறவைத்து, கல்லும் வேரும் நீங்க வடித்து, நுண்மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தி வைத்திருந்தார். ஏரி, குளங்களில் களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கிய பிறகு, மண்ணுக்கு அலைவது சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். மணல் எதற்கு என்று என் மகள் கேட்டாள். வெறும் களிமண் காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடிக்கும், மணல் இருந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும் என்று, ஒரு கட்டியை இரண்டாகப் பிட்டு உள்ளே காட்டி விளக்கினார். விற்பனை என்பதைத் தாண்டி இந்தப் பொறுமையைத்தான் நான் முதலில் பாராட்ட வேண்டும். தீபத்துக்கு முந்தைய வாரங்கள் அவர்களுக்கு ஆண்டிலேயே நெருக்கடியான வேலைக் காலம். அதற்கு நடுவில் இரண்டு சிறுவர்களின் கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார்கள்.

மண்ணின் தரம் குறித்து எனக்குக் குறை எதுவும் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்ததால் ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோதும் அதே பதத்தில் இருந்தது. கையில் ஒட்டாமல், விரலால் வளைத்தால் விளிம்பு கீறாமல், சொன்ன வடிவத்தில் நின்றது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையொட்டி இங்கே மழை விடாமல் பெய்த நாட்களில் கூடத்தில் பழைய பாயை விரித்து, அதன்மேல் செய்தித்தாள் பரப்பி, ஐந்து பேரும் உட்கார்ந்தோம். மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேலை நிற்கவில்லை. எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, கையைச் சுற்றிச் சுற்றி ஓரத்தை உயர்த்தி, ஒரு பக்கம் மட்டும் கிள்ளி மூக்கு வைத்தால் அகல். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் சிறுமியாக இருந்தபோது ஏரிக்கரை மண்ணில் சொப்புச் சாமான் செய்து விளையாடிய விரல்கள், அறுபது ஆண்டுகள் கழித்தும் அளவை மறக்கவில்லை. அவர் செய்தவை எல்லாம் ஒரே கனத்தில் இருந்தன; நான் செய்தவை அடியில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் இருந்தன.

இங்கே செய்முறை குறித்துச் சில சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர் எழுதி எதுவும் தருவதில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. விளக்குச் சுவரின் கனம் சுண்டுவிரல் கனத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காதோ கைப்பிடியோ ஒட்டுவதாக இருந்தால், இரு பக்கமும் முள்ளால் கீறி, தண்ணீரில் குழைத்த மண்கூழைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஈரம் தொட்டு ஒட்டிய என் மகனின் யானைக்குத் தும்பிக்கை மறுநாளே தனியே கிடந்தது. மண்ணை அதிகமாகத் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்கும் ஆசை எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். அப்படிச் செய்தவைதான் காயும்போது முதலில் வெடித்தன. வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ந்த மண்தூசி மூச்சுக்கு நல்லதன்று. கை கழுவிய நீரை வாளியில் தெளியவைத்துத் தோட்டத்தில் ஊற்றுங்கள். நாங்கள் முதல் நாள் தொட்டியில் ஊற்றிச் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொண்டோம்.

காயவைப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. வெயில் இல்லாத நாட்களில் மின்விசிறியின் கீழ் வைத்தால் விரைவாகும் என்று நினைத்தோம். மேல்விளிம்பு மட்டும் முந்திக் காய்ந்து சுருங்க, அடிப்பாகம் ஈரத்தோடு நிற்க, ஒரே இரவில் ஆறு விளக்குகள் கீறல் விட்டன. பிறகு எல்லாவற்றையும் சமையலறைப் பரணில் தாள்மேல் பரப்பி, முதல் இரண்டு நாட்கள் மெல்லிய துணியால் மூடி, அதன்பின் திறந்துவிட்டு, தினமும் புரட்டி வைத்தோம். எட்டு நாட்கள் ஆயின. காய்ந்ததா என்று அறியப் பெரியவர் சொன்ன வழி மறக்க முடியாதது: “கன்னத்துல வெச்சுப் பாரும்மா, சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் போவல.” உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை பொருள் குளிர்ந்தே இருக்கும் என்பதால் இது முற்றிலும் சரியான சோதனை. என் மகன் எட்டு நாளும் தவறாமல் செய்த வேலை, ஒவ்வொரு விளக்காக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்ததுதான்.

மொத்தம் 63 அகல்கள் செய்தோம். காயும்போது 9 வெடித்தன; அவற்றை உடைத்து மறுபடி தண்ணீரில் ஊறவைத்து மண்ணாக்கிக்கொண்டோம், சுடாத மண்ணுக்கு அந்த வசதி உண்டு. மீதி 54-ஐ வைக்கோல் பரப்பிய அட்டைப் பெட்டியில் அடுக்கி டிசம்பர் 10 அன்று சூளைக்குக் கொண்டுபோனோம். தகரக் கூரையின் கீழ் வறட்டியும் விறகும் தேங்காய் ஓடும் அடுக்கி, அவர்களுடைய சட்டிகளுக்கு இடையே எங்கள் விளக்குகளையும் வைத்து, வைக்கோல் மூடி மேலே சேறு மெழுகினார்கள். முதலில் நெடுநேரம் புகையாகவே விடுகிறார்கள். மண்ணில் எஞ்சிய துளி ஈரமும் மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிவதால் பொருள் வெடித்துவிடும். 500 டிகிரியைத் தாண்டும்போது மண்ணின் துகளுக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அது எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது. மண்ணில் உள்ள இரும்பு காற்றுப் பட்டுச் சுடும்போது சிவக்கிறது. புகை சூழ்ந்த இடத்தில் இருந்த விளக்குகள் கருத்தன. என் மகளுக்குப் பிடித்தவை பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக வந்த மூன்று.

மறுநாள் சூளை ஆறிய பிறகு பிரித்ததில் 5 உடைந்திருந்தன, ஐந்தும் நான் செய்த தடித்த விளக்குகள். உடைந்தவற்றுக்குக் கூலி வேண்டாம் என்று பெரியவர் மறுத்துவிட்டார். உடைந்தது எங்கள் கைப்பிழையால்தான், அவர்கள் எரித்த விறகு எரித்ததுதான் என்று சொல்லி 54-க்கும் சேர்த்து 108 ரூபாய் கொடுத்தோம். இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர்கள் இந்த இடத்தில் பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் வனைந்தது காயாமல் வேலையே முடங்கும் தொழில் இது. அதற்காகவே அரசு மழைக்கால நிவாரணம் தருகிறது.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பத்துக் கிலோவுக்குக் குறைத்து மண் தருவதில்லை. இரு சக்கர வண்டியில் குழந்தையையும் வைத்துக்கொண்டு அதைக் கொண்டுவருவது சிரமம். சூளை எப்போது மூட்டுவார்கள் என்பது மழையைப் பொறுத்தது. குறிப்பிட்ட தேதிக்கு வேண்டும் என்று யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. எங்களுக்கே முதலில் சொன்ன நாள் மூன்று நாள் தள்ளிப்போனது. மாடி வீட்டில், காயவைக்க இடமில்லாமல் வாழ்பவர்களுக்கும், ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இது ஒத்துவராது. செலவைக் குறைக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கும் அப்படியே, ஏனெனில் பெட்ரோலையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேலூர் மண்டித் தெருக் கடைகளில் அகல் வாங்குவது மலிவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மண்ணை வாயில் வைப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சுட்ட அகலை ஏற்றுவதற்கு முந்தைய நாள் தண்ணீரில் முழுவதும் மூழ்க வைத்து, எடுத்து நிழலில் ஈரம் வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி அடியில் வட்டமாகக் கசியும். டிசம்பர் 12 இரவு வாளியில் போட்டபோது விளக்குகளிலிருந்து சிறு சிறு குமிழிகள் கிளம்பி ஓசையோடு மேலேறின. பிள்ளைகள் தூங்கப் போக மறுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 13-ஆம் தேதி திருவண்ணாமலை தீபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபின், வாசல் திண்ணையிலும் மாடிப் படியிலும் 49 விளக்குகளை வைத்து நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றினோம். நான்கில் மட்டும் எண்ணெய் கசிந்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

எஞ்சிய மண்ணில் மார்கழி விடுமுறைக்குள் ஒரு சிறு அடுப்பும், கோலத்தில் வைக்கும் சாணத்துக்குப் பதிலாகப் பூசணிப்பூ செருகும் குடுவைகளும் செய்தார்கள். தை பிறக்குமுன் பொங்கல் பானைகளால் சூளை நிரம்பிவிடும் என்பதால் அவற்றைச் சுட மாசி வரை காத்திருந்தோம். நீங்கள் போவதானால் ஐப்பசி கடைசிக்குள் மண்ணை வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள். செய்ததைத் தீபத்துக்குப் பத்து நாட்கள் முன்பாகவாவது சூளைக்குச் சேர்க்கப் பாருங்கள். போகும்போது வீட்டிலுள்ள பழைய வைக்கோலையோ தேங்காய் ஓட்டையோ ஒரு சாக்கு கொண்டுபோனால் அவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.