ஷாட்கன் ஸ்டாக் வாங்கி 189 டாலரை இழந்தேன்: ரெமிங்டன் 870 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

அந்த இணையக் கடையிடமிருந்து கடைசி மறுமொழி நேற்று மாலைதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இன்று உட்கார்ந்தேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் பழக்கமுள்ளவர்கள் சிலராவது இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். துப்பாக்கிகளுக்கான மாற்று உதிரிபாகங்களை மட்டும் விற்கும் கடை அது. ஸ்டாக்குக்கு, அதாவது துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் பின்கட்டைக்கு, என்னிடம் 189 டாலரை வாங்கிக்கொண்டு, பொருத்தவே முடியாத ஒரு பிளாஸ்டிக் கட்டையை அனுப்பியிருக்கிறது.

எங்களிடம் இருப்பது மர ஸ்டாக்குடன் கூடிய 12 கேஜ் (குழல் துளையின் அளவு) ரெமிங்டன் 870 ஷாட்கன். விசையிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரை ஏறத்தாழ 14 அங்குலம் வரும்; அது எனக்குச் சரியாக இருக்கிறது. உயரம் குறைந்த என் மனைவிக்கோ தோள்குழியில் பதிய வேண்டிய பின்முனை நழுவிப் புயத்தில் போய் நிற்கிறது. 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்று முடிவதற்குள் அந்த இடம் கன்றிப்போய்விடுகிறது. இதற்காகவே, ஸ்பேசர்களை (இடையில் செருகும் தகடுகளை)ச் சேர்த்தும் கழற்றியும் நீளத்தை 12.5 முதல் 14.5 அங்குலம் வரை மாற்றிக்கொள்ளும் ஸ்டாக் ஒன்றைத் தேடினேன். அந்தக் கடையின் பக்கத்தில் அப்படியே ஒன்று இருந்தது.

நான் ஏமாந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் கேள்வி கேட்டேன். பதில் சொன்னவர், என் துப்பாக்கி 12 கேஜா 20 கேஜா என்றும், 870இன் 20 கேஜ் வகையில் ரிசீவர் (சுடும் பொறி அடங்கிய நடு உலோகக் கூடு) சிறியதாக வரும், ஆகவே ஸ்டாக் மாறிவிடும் என்றும் தாமாகவே விசாரித்தார். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். அதே பக்கத்தில் "870, மாஸ்பெர்க் 500 இரண்டுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்ததையும் படித்தேன். மாஸ்பெர்க் 500 வேறொரு நிறுவனத்தின் ஷாட்கன், இரண்டின் ரிசீவர் பின்புறமும் வேறு வேறு அமைப்பு என்பது எனக்குத் தெரிந்தும் கடந்துபோனேன். பிறகு அவர், கடன் அட்டைக்குப் பதிலாக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் 10 டாலர் குறையும் என்றார். 199 டாலர் 189 டாலராயிற்று. அந்தப் பத்து டாலருக்காக என் பாதுகாப்பு முழுவதையும் நானே கைவிட்டேன்.

ஐந்து நாளில் வர வேண்டியது முப்பத்தொரு நாள் கழித்து வந்தது. உறையைப் பிரித்ததும் எரிந்த பிளாஸ்டிக் வாடை அடித்தது. வார்ப்பின் ஓரப்பிசிறுகள் கையைக் கீறின. ரிகாயில் பேட் (பின்னுதைப்பைத் தாங்கும் மெத்தை) என்று பின்னால் ஒட்டியிருந்ததை நகத்தால் அழுத்தினால் பதியவேயில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, பழைய மர ஸ்டாக்கின் பேட் திருகுகள் இரண்டையும் எடுத்து, நீண்ட திருப்புளியை உள்ளே விட்டு அதன் போல்ட்டைக் கழற்றிப் புதியதை வைத்தேன். ரிசீவருக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. கூடவே அனுப்பிய போல்ட் குட்டை. இரண்டு மூன்று மரைகள்தான் பிடித்தன. மெதுவாக இறுக்கியபோதே, கைப்பிடிப் பகுதியில் போல்ட் துளையை ஒட்டி ஒரு விரிசல் ஓடியது. இதை வைத்து ஒரு முறை சுட்டிருந்தால், பின்னுதைப்பு முழுவதும் அந்த விரிசலில்தான் இறங்கியிருக்கும். மனைவியின் கன்னம் இருந்திருக்க வேண்டிய இடம் அதற்குச் சற்றுப் பின்னால். இதை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் வரவில்லை. 189 டாலர் அதற்குப் பிறகுதான்.

முதல் மின்னஞ்சலுக்கு, நான் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன் என்று பதில் வந்தது. படங்கள் அனுப்பினேன், காணொளி வேண்டும் என்றார்கள். காணொளி அனுப்பினேன், ஒன்பது நாள் மௌனம். பிறகு, வெளிநாட்டிலுள்ள ஒரு முகவரிக்கு என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதற்கு மட்டுமே 60 டாலருக்கு மேல் ஆகும். நேற்று வந்த பதிலில், 20 டாலர் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கொடுத்தது 189 டாலர், திரும்ப வருவது 20 டாலராம். கேஜ் விசாரித்தவரை அரட்டைப் பெட்டியில் தேடினேன். அந்தப் பெட்டியே இப்போது இல்லை. வங்கியோ, பணத்தை நீங்களாகத்தான் அனுப்பினீர்கள் என்று கைவிரித்துவிட்டது.

இந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஷாட்கன்னின் ரிசீவர்தான் துப்பாக்கியாகக் கணக்கு; ஸ்டாக் வெறும் உதிரிபாகம். அதனால் உரிமம் பெற்ற விற்பனையாளர் எவரும் நடுவில் இல்லாமல் அது நேரே வீட்டு வாசலுக்கு வருகிறது. 870 வகைத் துப்பாக்கி 1950 முதல் ஒரு கோடிக்கும் மேல் தயாராகியிருக்கிறது. இத்தனை பேர் ஸ்டாக் தேடும் இடத்தில் இப்படிப்பட்ட கடைகள் முளைக்காமல் இருக்குமா?

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கடன் அட்டையில் மட்டும் வாங்குங்கள். சொன்னபடி பொருள் வராவிட்டால், பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் எல்லா பம்ப் ஆக்‌ஷனுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். போல்ட்டின் படத்தை முன்கூட்டியே கேளுங்கள். ரிசீவருடன் இடைவெளியின்றிப் பொருந்தாத ஸ்டாக்கை வைத்து ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

நுகர்வோர் புகார்களைப் பெறும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். 20 டாலரை வாங்கப்போவதில்லை. மர ஸ்டாக்கை மறுபடியும் மாட்டிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை மனைவி சுட வரவில்லை என்று சொல்லிவிட்டார்.