டிஎல்ஏ பிளஸ்ஸா, கோளாறு புகுத்தும் சோதனையா?

காட்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து பஸ் முன்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். மூன்று சர்வர்கள். போன மாதம் வேலூர்–திருவண்ணாமலை பஸ்ஸில் ஒரே ஜன்னல் சீட்டு இரண்டு பேருக்குப் போய்விட்டது. அதிலிருந்து இந்தக் கேள்விதான்: வடிவமைப்பைக் கணிதமாக எழுதிச் சரிபார்க்கும் டிஎல்ஏ பிளஸ் (TLA+) மொழியா, ஓடும் சர்வர்களில் வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கிப் பார்க்கும் சோதனையா?

செலவு: டிஎல்ஏ பிளஸ் இலவசம், ஆனால் கைவர இரண்டு மூன்று வாரம் வேண்டும்.
சோதனை: நெட்வொர்க்கைத் துண்டிக்க ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் கருவி போதும், இன்றே தொடங்கலாம்.

பிடிபடும் பிழை: இங்கேதான் பெரிய வித்தியாசம். டிஎல்ஏ பிளஸ்ஸின் சரிபார்ப்புக் கருவியான மாடல் செக்கர், நாம் எழுதிய சிறு மாதிரியில் நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஒன்றுவிடாமல் பார்க்கும். அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸில் 35 படிகள் ஒருசேர அமைந்தால் தரவு தொலையும் பிழையை அதுதான் காட்டியது. சோதனையில் அப்படி ஒரு வரிசை வாய்ப்பது அபூர்வம்.
சோதனை: ஓடும் புரோகிராம் கோடையே (code) பார்க்கும். எங்கள் பிழை வடிவமைப்பில் இல்லை. டைம்அவுட் ஆனதை, அதாவது நேரத்துக்குள் பதில் வராததைத் 'தோல்வி' என்று எடுத்துக்கொண்டு, பதிவான சீட்டையே கோடு விடுவித்துவிட்டது. இரண்டாவது சர்வரின் கேபிளைப் பிடுங்கியதும் கண்முன்னே நடந்தது.

சொந்தமாக ரெப்ளிகேஷன் (பல சர்வர்களில் தரவை நகலெடுத்து வைப்பது), லாக் (lock, ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் பூட்டுவது) எழுதுகிறீர்களா? கோடுக்கு முன்பே டிஎல்ஏ பிளஸ். ரெடிமேட் டேட்டாபேஸ் மேல் கட்டுகிறீர்களா? சரி, முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். பணம் கைமாறும் இடத்துக்கு மட்டும் இரண்டும் வேண்டும்.