மூன்று நகல் கூலி வவுச்சர் புத்தகம்: ரொக்கச் சம்பளத்தைக் கணக்கில் நிறுத்துமா?

சம்பளம் வங்கி வழியாகவே போக வேண்டும் என்று சட்டம் இருக்கும் இடங்களில் இந்தப் புத்தகத்துக்கு வேலையில்லை. மற்ற இடங்களில், இருபது பேர் வரை வைத்து ரொக்கமாகப் பட்டுவாடா செய்பவர்களுக்கு இது நல்ல கருவி, சரியாக எழுதினால். கணக்கில் ஏறாத ரொக்கம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் கவிழ்க்கும். அதைத் தடுக்கத்தான் இது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டுக் கூலிப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95) ரொக்கக் கூலியை ஏற்கிறது. ஆனால் கூலி தொழிலாளியின் கைக்கே நேராகப் போக வேண்டும், எதற்கு எவ்வளவு என்ற விவரமும் அவருக்குத் தெரிய வேண்டும் என்கிறது. இந்த அளவுகோலில் சாதாரண வவுச்சர் பாதிதான் தேறும். அதில் பெயர், தொகை, 'வகைக்காக' என்று ஒரு வரி, கையெழுத்து, அவ்வளவுதான். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள், ஓவர்டைம் எத்தனை மணி, மொத்தக் கூலி, முன்பணக் கழிவு, வரி மற்றும் ஓய்வூதியப் பிடித்தம், கையில் கொடுத்தது: இத்தனைக்கும் தனிக் கட்டம் உள்ள புத்தகத்தையே வாங்குங்கள். கையில் கொடுத்த தொகையை மட்டும் எழுதினால் அது பிடித்தம் போன தொகையா, போகாததா என்ற தகராறு வரும். பிடித்தம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த 100, பிடித்தம் போன தொகையாகக் கருதப்பட்டால் மொத்தக் கூலி 125 ஆகிவிடும். பாக்கி 25 முதலாளி தலையில்; வட்டியும் அபராதமும் தனி.

வரிசை எண் அச்சிலேயே இருக்க வேண்டும். பிழையானால் தாளைக் கிழிக்காமல் மூன்று நகலிலும் குறுக்குக் கோடு போட்டு 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். ஓர் எண் காணாமல் போனாலும் மற்ற தாள்கள்மீது சந்தேகம் விழும். முதல் தாள் தொழிலாளிக்கு, இரண்டாவது கணக்கருக்கு, மூன்றாவது புத்தகத்தில். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் வாங்கிவைத்த கையெழுத்து பிற்பாடு இருவருக்குமே வினை. மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்து ஒரே வவுச்சர் போடுவதும் கூடாது. இல்லாத ஆளின் பெயரில் கூலி எடுப்பது அந்த வழியில்தான் நுழைகிறது.

தாளின் குறை ஒன்று உண்டு. அழுத்தத்தில்தான் நகல் விழும் என்பதால் ஜெல் பேனா உதவாது; பால்பாயிண்ட்டே வேண்டும். அப்படியும் மூன்றாவது நகல் மங்கல்தான். வெயில் படாத அலமாரியில் வையுங்கள், மாதக் கடைசியில் படமெடுத்தும் வையுங்கள்.

செயலிகளோடு ஒப்பிட்டால் கூட்டல் கழித்தலில் புத்தகம் பின்தங்கும். ஆனால் பழைய பதிவைச் சுவடில்லாமல் திருத்தவிடும் செயலியைவிட இது நம்பகமானது. வெப்ப அச்சு ரசீதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள், எழுத்து மறைந்துவிடும்.

புத்தகத்தால் தீராத சிக்கலும் இருக்கிறது: பாதிச் சம்பளத்தை வவுச்சரிலும் மீதியைக் கணக்கில் காட்டாமல் உறையிலும் கொடுக்கும் வழக்கம். உறைப் பணத்துக்குக் கணக்கில் ஏறாத விற்பனை வேண்டும். அதை மறைக்கக் கொள்முதலையும் மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால், வாங்கிய சரக்குக்கும் காட்டிய விற்பனைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாலே தணிக்கையாளருக்குப் புரியும். சில நேரம் ரொக்கப் பேரேட்டில் கைரொக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கும். இல்லாத பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

தொழிலாளிக்கு அடி வேலை நேரத்து விபத்தில் விழும். இழப்பீடு, மகப்பேறு காலச் சம்பளம், ஓய்வூதியம், வேலை போனால் கிடைக்கும் தொகை எல்லாமே பதிவான கூலியை வைத்தே கணக்கிடப்படும். கூலி பாக்கி வழக்கில் முதலாளிக்கும் இதே கதி: உறையில் கொடுத்ததை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இருக்காது, கொடுத்ததையே இன்னொரு முறை கொடுக்க நேரும்.

கட்டங்கள் முழுமையாக உள்ள, எண்ணிட்ட புத்தகம் கிடைத்தால் வாங்கலாம். 'தொகை' கட்டம் மட்டும் உள்ளதைச் சம்பளத்துக்கு வாங்க வேண்டாம்; சில்லறைச் செலவுக்கு அது போதும்.