சைனாடவுன் மருந்துக்கடையில் 100 கிராம் வெள்ளைச் சாமந்தி

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் சாமி படத்துக்குச் சாமந்திச் சரம் வாங்கியே பழகிய எனக்கு, அந்த இனத்துப் பூவை நிறுத்து வாங்கிக் குடிப்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு பழைய சீன மருந்துக்கடை. சாமந்தி என்றதும் கடைக்கார ஆன்ட்டி, "கண்ணுக்கா, சளிக்காய்ச்சலுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே நான்கு நட்சத்திரம் தரலாம். சளி, காய்ச்சல், தலைவலிக்கு மஞ்சள் பூ. கண் எரிச்சலுக்கு வெள்ளை. சீன மருத்துவத்தில் கண்ணும் கல்லீரலும் ஒரே கணக்கு. கல்லீரலில் சூடு ஏறினால் கண் சிவக்கும் என்பார்கள். உடம்புச் சூடு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நிய பாஷை இல்லை.

இரவு ஷிஃப்ட், பத்து மணி நேரம் திரை. அதைச் சொன்னதும் 'ஹாங் பாய் ஜூ' என்ற வெள்ளைச் சாமந்தியை எடுத்தார். சீனாவின் ஜெஜியாங் மாநிலத்துத் துங்சியாங் பக்கம் விளைவது. 100 கிராம் 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விரியுமுன் பறித்த மொட்டு பக்கத்து டப்பாவில் இருந்தது, விலை இரட்டிப்பு. "புதுசாகக் குடிக்கிறவருக்கு அது எதற்கு?" என்று அவரே தடுத்துவிட்டார்.

பூ லேசாகப் பழுப்பேறிய வெள்ளை. இதுதான் சரி. முன்பு வேறொரு கடையில் பளிச்சென்ற வெள்ளையைப் பார்த்து மயங்கி வாங்கினேன். வெந்நீர் ஊற்றியதும் தீக்குச்சி உரசின நெடி. நிறம் மங்காமல், பூச்சி வராமல் இருக்கக் கந்தகப் புகை போடுவது உண்டு. அதுதான் போல. அப்படியே கொட்டினேன்.

ஏழெட்டுப் பூ, கொஞ்சம் கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம், ஒரு துண்டு கற்கண்டு. ஐந்து நிமிடம் மூடி வைத்தால் குவளைக்குள் பூ மறுபடி விரிந்து கிடக்கிறது. தேன் வாசனை, கடைசியில் மெல்லிய கசப்பு. காப்பிக்கடைப் பாக்கெட் சாமந்தி டீயை வைத்து இதை எடை போடாதீர்கள். அது சர்க்கரைத் தண்ணீர்.

கண்? மூன்று வாரத்தில் எரிச்சல் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இடையில் ஷிஃப்ட்டும் பகலுக்கு மாறியது, அதனால் பூவுக்கு முழு மார்க் போட மாட்டேன். அப்புறம், இது குளிர்ச்சி. அம்மா இரவில் இரண்டு குவளை குடித்துவிட்டு விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களும் தொடாமல் இருப்பது நல்லது.

கடையில் கார்டு எடுபடாது, ரொக்கம் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.