பழைய டீசல் பிக்கப்புக்கு டர்போ கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

1,85,000. கிட்டுக்கும் அதைப் பொருத்தியதற்கும் சேர்த்து நான் கட்டிய பணம். இன்று என் பிக்கப்பின் எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. மூன்றாவது பிஸ்டனின் தலை ஓரத்தில் உருகிப் போயிருக்கிறது. விற்றவன் போனை எடுப்பதில்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் இப்படி மாட்டிக்கொள்ளக்கூடாது. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியில் இருந்தது டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி) இல்லாமல் வந்த பழைய 2.8 லிட்டர் டீசல். நல்ல எஞ்சின், ஆயில் குடிக்காது, புகை கிடையாது. லோடோடு மேடு ஏறும்போது மட்டும் இழுவை பத்தாது, இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும். அதற்காகத்தான் டர்போ தேடினேன். இது நடக்காத காரியமும் இல்லை. டொயோட்டாவே 2எல் எஞ்சினை டர்போ இல்லாமலும், 2எல்-டி என்று டர்போவோடும் விற்றது. இசுசுவின் 4ஜேபி1 எஞ்சினும் இரண்டு விதமாகவும் வந்தது.

கிட்டைப் பார்த்தது யார் வேண்டுமானாலும் பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் சந்தையில். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் ஒரு வீடியோ, முழு லோடோடு ஒரு பிக்கப் மூன்றாவது கியரில் மேடு ஏறுகிறது. போன் செய்தேன். பணத்தைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. "எஞ்சின் கம்ப்ரஷன் பார்த்தீங்களா அண்ணா? நாலு சிலிண்டரும் சமமா வருதா? குறைஞ்ச எஞ்சினுக்கு நான் கிட் குடுக்கமாட்டேன், என் பேர் கெட்டுப்போயிடும்" என்றான். நான் நம்பியது அந்த இடத்தில்தான். விற்கவே தயங்குகிற ஆள் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

நானும் விடாமல் கேட்டேன். டீசல் பம்புக்கு பூஸ்ட் காம்பன்சேட்டர், அதாவது டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்துக்கு (பூஸ்ட்) ஏற்றபடி டீசலைக் கூட்டுகிற டப்பா, உண்டா? "கிட்லயே வருது." எக்ஸாஸ்ட் சூடு பார்க்கிற மீட்டர்? "அது இல்லாம நான் அனுப்பறதே இல்ல." டர்போ இல்லாத எஞ்சினின் பிஸ்டன் தாங்குமா? "பூஸ்ட் 7 பிஎஸ்ஐக்கு மேல வைக்கமாட்டோம் அண்ணா, கவலைப்படாதீங்க." எல்லாமே சரியான பதில்கள். என் வயிறு எரிவதே அதனால்தான். தெரியாமல் செய்தவன் இல்லை. இந்த எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறான்.

பெட்டியை நான் பார்க்கவே இல்லை. "நம்ம ஆளு ஒர்க்‌ஷாப்புக்கே நேரா அனுப்பிடறேன்" என்றான், முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டு. வண்டி கைக்கு வந்த புதிதில் நன்றாகவே இழுத்தது. அப்புறம் கிளம்பும்போதெல்லாம் கரும்புகை. டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்தது. ஒருநாள் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடி உறுமிக்கொண்டே ஓடியது. டீசல் எஞ்சினில் இதைவிடப் பயங்கரம் கிடையாது. டர்போ வழியாகக் கசிகிற ஆயிலையே குடித்து ஓடும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது, வேகம் ஏறி வெடிக்கவும் செய்யும். அப்படி ஓடுவதை நிறுத்த முக்கிய வழி, காற்று வரும் வழியை அடைப்பதுதான்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்தோம். புதிது என்று விற்ற டர்போவில் நம்பர் பிளேட்டைத் தேய்த்து எடுத்து, மேலே வெள்ளி பெயின்ட் அடித்திருக்கிறது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வருகிற பைப், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அந்த ஆயில் அழுத்தத்தால் திரும்புவதில்லை, தானாகக் கீழே வழிந்துதான் இறங்க வேண்டும். வழி அடைபட்டால் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

காம்பன்சேட்டர் இல்லை. அது இருந்தால் பூஸ்ட் ஏற ஏறத்தான் டீசல் கூடும். அதற்குப் பதிலாக, அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிக்கிற பம்பின் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டி விட்டிருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறு, டீசல் கூடக்கூடத்தான் சூடு. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு 700 டிகிரியைத் தாண்டி நீடித்தால் அலுமினியப் பிஸ்டன் தாங்காது. கம்பெனி டர்போ எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் அடித்துக் குளிர்விக்க ஜெட் இருக்கும். என் எஞ்சினில் அது இல்லை. எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டராவது இருந்திருந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பேன். மீட்டரும் வரவில்லை.

கேட்டதற்கு முதலில் "ஓட ஓட செட் ஆயிடும் அண்ணா." பிறகு "என்ன ஆயில் ஊத்தினீங்க?" பிறகு வீடியோ அனுப்பச் சொன்னான், அனுப்பினேன், வெளிச்சம் பத்தவில்லை என்றான். பிறகு "மாட்டினவர்கிட்ட கேளுங்க." அவரோ "வந்ததை மாட்டினேன் சார், வராததுக்கு நான் என்ன செய்ய?" என்கிறார். பிஸ்டன் போட்டோவை அனுப்பியதும் "ஓவர்லோடு" என்று ஒரே வார்த்தை. கடைசியாக, பாதி விலைக்கு இன்னொரு டர்போ தருகிறானாம்! 1,85,000 வாங்கியவன் பேசுகிற பேச்சு இது. தளத்தில் புகார் கொடுத்தால், பொருத்திவிட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில், கூடவே 'தீர்க்கப்பட்டது' என்று புகாரையும் மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது?

அவனுடைய விளம்பர வீடியோவை நேற்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பம்பின் தலையில் காம்பன்சேட்டர் டப்பா தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வராத அதே டப்பா.

1,85,000 போனது போக எஞ்சின் வேலைக்கு இனிமேல்தான் பணம் புரட்ட வேண்டும். விரிவாக எழுத இப்போது மனசில்லை. கிட் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். விற்பவன் கைகாட்டுகிற ஒர்க்‌ஷாப் வேண்டாம். பொருத்தி, லோடோடு ஓட்டிப் பார்க்கும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள். சூடு பார்க்கிற மீட்டர் இல்லாமல் பம்ப் ஸ்க்ரூவில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஏற்கெனவே இப்படி ஒரு கிட்டை மாட்டியிருப்பவர்கள் இன்றே வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் ரிட்டர்ன் பைப் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அதுவரை லோடு ஏற்ற வேண்டாம்.